கணையமும் கத்தியும்

பழைய காலத்து வீடுகளில் பின்கட்டு என்று ஒன்று உண்டு. வாசல் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எழுந்து போகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. வீட்டுக்கு வேண்டிய சமையல் முழுவதும் அங்கேதான் நடக்கும். நம் வயிற்றுக்கும் அப்படி ஒரு பின்கட்டு இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் குறுக்கே படுத்திருக்கும் கணையம்தான் அது. கிரேக்கர்கள் இதற்கு ‘முழுவதும் சதை’ என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்கள். மகா வைத்தியர் என்று ஆயிரம் வருஷங்களுக்கு மேல் ஐரோப்பா கொண்டாடிய கேலன், இது பின்னாலுள்ள ரத்தக் குழாய்களுக்கு மெத்தை போல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பெரியவர் சொல்லிவிட்டால் அப்புறம் யார் பார்க்கப் போகிறார்கள்?

1642-ஆம் ஆண்டில்தான் இத்தாலியில் பாதுவா நகரத்தில் விர்சுங் என்கிற ஜெர்மானியர், தூக்கிலிடப்பட்ட ஒரு குற்றவாளியின் உடலை அறுத்துப் பார்க்கும்போது கணையத்தின் நடுவே நெடுக ஒரு குழாய் ஓடுவதைக் கண்டார். அது எதற்காக இருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை. செப்புத் தகட்டில் படம் செதுக்கி, அச்செடுத்து, ஐரோப்பாவின் பெரிய உடற்கூற்று நிபுணர்களுக்கெல்லாம் அனுப்பி, “இது என்னவென்று சொல்லுங்கள்” என்று கேட்டார். மறு வருஷமே தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கணையத்தின் சரித்திரம் தொடக்கத்திலிருந்தே நல்ல சகுனத்தோடு நடக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த உறுப்பில் புற்று வருகிறதே, அதைப் பற்றி எழுதும்படி என்னைத் தூண்டியது ஒரு வாசகியின் கடிதம். அவருடைய அண்ணாவுக்கு இந்த நோய். மூன்று டாக்டர்களிடம் காட்டினார்களாம். ஒருவர், “உடனே ஆபரேஷன் செய்துவிட வேண்டும்” என்றார். இரண்டாமவர், “இப்போது கத்தி வைக்கக் கூடாது, நாலைந்து மாதம் மருந்து ஏற்றிவிட்டு அப்புறம் பார்க்கலாம்” என்றார். மூன்றாமவர் வயதில் மூத்தவர். “காமாலை இறங்குவதற்கு ஒரு குழாய் வைத்துவிட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, நிம்மதியாக இருக்க விடுங்கள்” என்றார். “மூன்று பேரும் படித்தவர்கள்தானே? ஏன் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்? இதில் யாரை நம்புவது?” என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார். யாரை நம்புவது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில் ஒரு தவளையை அறுத்ததோடு என் வைத்தியப் படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் ‘ஏன் மூன்று விதம்’ என்ற கேள்விக்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. அந்த மூன்று டாக்டர்களுக்குப் பின்னால் நூறு வருஷத்துச் சண்டை ஒன்று நின்றுகொண்டிருக்கிறது.

சண்டையைப் புரிந்துகொள்ள நோயைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். கணையத்தின் தலைப் பகுதி சிறுகுடலின் தொடக்கத்தில் தலையணை போட்டாற்போல் பொருந்தியிருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தக் குழாய் அந்தத் தலைக்குள் புகுந்துதான் குடலுக்கு வருகிறது. ஆகவே தலையில் கட்டி வந்தால் பித்தம் அடைபட்டு மஞ்சள் காமாலை தோன்றுகிறது. உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கிறது. வாலில் வந்தாலோ அந்த அறிவிப்பும் கிடையாது. ஏதோ முதுகு வலி, பசியின்மை என்று நாட்கள் போய்விடும். நோய் கண்டுபிடிக்கப்படும்போது ஐந்து பேரில் நான்கு பேருக்கு அது ஆபரேஷனுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கிறது. மிச்சமுள்ள ஒருவரைப் பற்றித்தான் கத்திக்காரர்களின் சரித்திரம் முழுவதும்.

கணையத்தின் தலையை வெட்டுவது என்றால் அதை மட்டும் வெட்ட முடியாது. சிறுகுடலின் தொடக்கம், பித்தக் குழாயின் அடிப்பகுதி, பித்தப் பை, பெரும்பாலும் இரைப்பையில் ஒரு பங்கு, இவ்வளவும் கூடவே போக வேண்டும். அப்புறம் எஞ்சிய மூன்று முனைகளைக் குடலோடு மறுபடி இணைக்க வேண்டும். 1898-ஆம் ஆண்டில் இத்தாலியில் இமோலா என்ற ஊரில் கோதிவில்லா என்பவர் இதைச் செய்து பார்த்தார். நோயாளி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பிறகு 1909-இல் பெர்லினில் வால்த்தர் கௌஷ் என்ற ரண சிகிச்சை நிபுணர் வேறொரு வழி யோசித்தார். காமாலை முற்றிய உடம்பில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்பதில்லை. எங்கே தொட்டாலும் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தார். ஜூன் மாதத்தில் பித்தப் பையைக் குடலோடு இணைத்துப் பித்தம் இறங்க வழி செய்தார். காமாலை தணிந்தது. ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார். அந்த நோயாளி ஏறக்குறைய ஒன்பது மாதம் உயிரோடு இருந்தார். கடைசியில் பித்தக் குழாயில் கிருமி ஏறி இறந்தார். கௌஷ் இதை 1912-இல் எழுதி வெளியிட்டார். ஆனால் இன்று உலகம் இந்த ஆபரேஷனுக்குச் சொல்லும் பெயர் வேறொருவருடையது.

ஆலன் விப்பிள் அமெரிக்கர். பிறந்ததோ பாரசீகத்தில், உர்மியா என்ற ஊரில். பெற்றோர் பாதிரி ஊழியத்துக்காகப் போனவர்கள். நியூயார்க்கில் பெரிய பேராசிரியராகிப் புகழ் பெற்ற பின்னும் அந்தக் கீழ்நாட்டு வாசனை அவரை விடவில்லை. முதுமையில், இஸ்லாமிய உலகத்து வைத்திய சரித்திரத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1935-இல் அவரும் இரண்டு சகாக்களும் மூன்று நோயாளிகளின் கதையை வெளியிட்டார்கள். முதல் நோயாளி ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்கூட இருக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? தையல் நூல். அந்தக் காலத்தில் உள் தையலுக்கு ஆட்டுக் குடலிலிருந்து முறுக்கிய நூலை உபயோகித்தார்கள். கணையநீரின் தொழிலே மாமிசத்தைக் கரைப்பது. ஆட்டுக் குடலை அது விட்டுவைக்குமா? தையலைச் செரித்துவிட்டது! அடுத்த இரண்டு பேருக்கும் பட்டு நூலால் தைத்தார். ஒருவர் எட்டு ஒன்பது மாதமும் மற்றவர் இரண்டு ஆண்டு அளவிலும் இருந்தார்கள். ஒரு சமையற்காரி யோசித்திருந்தால் முதலிலேயே கண்டுபிடித்திருப்பாளோ என்னவோ!

விப்பிளும் கௌஷைப் போல இரண்டு கட்டமாகத்தான் செய்துவந்தார். ஒரே தடவையில் செய்ய வைத்தது ஒரு தற்செயல். 1940-ஆம் ஆண்டு மார்ச் மாதம், வெளியூர் நிபுணர்கள் பலர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, இரைப்பைப் புற்று என்று எண்ணி ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார். இரைப்பையை வெட்டிய பிறகுதான் கட்டி இருப்பது இரைப்பையில் அல்ல, கணையத்தின் தலையில் என்று தெரிந்தது. வெட்டியதை இனி ஒட்ட முடியாது. நல்ல வேளையாக நோயாளிக்குக் காமாலை இல்லை. துணிந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். நோயாளி ஒன்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

அதே சமயத்தில் காமாலைக்காரர்களுக்கும் வழி பிறந்தது. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கோழிக் குஞ்சுகளுக்குக் கொழுப்பில்லாத தீனி போட்டு வளர்த்தபோது அவற்றுக்கு ரத்தம் உறையாமல் போவதைக் கண்டு, உறைவதற்கு வேண்டிய சத்துக்கு ‘வைட்டமின் கே’ என்று பெயர் வைத்தார். இந்தச் சத்து உடம்பில் சேர வேண்டுமானால் குடலில் பித்தம் இருக்க வேண்டும். காமாலைக்காரனுக்கு ரத்தம் நிற்காததன் ரகசியம் இவ்வளவுதான். மருந்தாகக் கொடுத்தார்கள், ரத்தம் நின்றது. டாமுக்கு 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோழிக் குஞ்சுகளை யாரும் நினைக்கவில்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். விப்பிளின் 1940-ஆம் ஆண்டு நோயாளி ஒன்பது வருஷம் வாழ்ந்தாரே, அவருக்கு வந்திருந்தது சாதாரணக் கணையப் புற்று அல்ல. கணையத்தில் இரண்டு இலாகாக்கள் உண்டு. ஒன்று சீரண நீர் சுரப்பது. மற்றது இன்சுலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் சின்னஞ்சிறு தீவுகள். லாங்கர்ஹன்ஸ் என்ற மாணவர் 1869-இல் இவற்றைக் கண்டு எழுதினார். தீவுகளில் பிறக்கும் கட்டி மெதுவாக வளர்வது. சீரண நீர்க் குழாய்களில் பிறப்பது வெகு வேகமானது. பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த இரண்டாவது வகைதான். 1935-இல் வெளியிட்ட மூவரின் கட்டியும் பித்தக் குழாய் குடலில் திறக்கும் வாயிலில் வந்தது. அதுவும் சற்று நல்ல ஜாதி. ஆக, இந்த மாபெரும் ஆபரேஷன் புகழ் பெற்றது எந்த நோயாளிகளாலோ, அவர்களுக்கு இருந்தது நாம் பயப்படுகிற அந்த நோயே அல்ல. சாதுவான தம்பிக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரத்தைக் காட்டி முரட்டு அண்ணனுக்கு உத்தியோகம் வாங்கியது போல ஆயிற்று.

இந்தப் பெயர்க் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. ஆப்பிள் கம்பெனியை ஆரம்பித்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டது தீவு வகைக் கட்டி. உடனே வெட்டி எடுத்தால் நல்ல பலன் தரக்கூடியது. அவரோ உணவுக் கட்டுப்பாடு, ஊசிக் குத்து வைத்தியம் என்று ஒன்பது மாதம் கழித்து 2004 ஜூலையில்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். 2011 அக்டோபரில் காலமானார். அந்த ஒன்பது மாதம்தான் அவரைக் கொன்றது என்று ஒரு கட்சி. அப்படி நிரூபிக்க முடியாது என்று ஒரு கட்சி. இதற்கிடையில், “ஜாப்ஸ் எட்டு வருஷம் இருந்தாரே, நம்மவருக்கு மட்டும் ஏன் எட்டு மாதம் என்கிறார்கள்?” என்று எத்தனையோ குடும்பங்கள் டாக்டரைக் கோபித்துக்கொண்டிருக்கும். நோய்தான் வேறு என்பதை யாராவது நிதானமாக உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருந்தால் அந்தக் கோபம் எழுந்திராது.

விப்பிள் தம் ஆயுளில் செய்த இந்த வகை ஆபரேஷன்கள் 37தான். ஆனால் அவர் காட்டிய வழியில் மற்றவர்கள் இறங்கினார்கள். அதன் கணக்கு பயங்கரமாக இருந்தது. 1960-களில் நல்ல ஆஸ்பத்திரிகளில்கூட நான்கு அல்லது ஐந்து பேருக்கு ஒருவர் ஆபரேஷனாலேயே இறந்தார். பிழைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் நோய் திரும்பி வந்தது.

அப்போதுதான் ஜார்ஜ் கிரைல் குறுக்கே வந்தார். கிளீவ்லாந்தின் பிரசித்தி பெற்ற ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தவர்களில் ஒருவருடைய மகன். தாமும் கத்தி பிடித்தவர். ஆனாலும் கத்திக்கு எதிராகவே வாதாடியவர். மார்பகப் புற்றுக்கு மார்பு, தசை, அக்குள் எல்லாவற்றையும் வழித்தெடுக்கும் வழக்கம் அநாவசியம் என்று 1950-களிலேயே சொல்லி, சக டாக்டர்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர். பொது ஜனங்களுக்காக இதைப் பற்றி 1955-இல் ஒரு புத்தகமும் எழுதினார். தொழில் ரகசியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததைத்தான் மற்றவர்களால் மன்னிக்க முடியவில்லை. 1970-ஆம் ஆண்டு அவர் கணையத்தின் பக்கம் திரும்பினார். கட்டியை எடுக்க வேண்டாம். அடைபட்ட பித்தத்தைக் குடலுக்குத் திருப்பிவிடும் சிறிய ஆபரேஷனே நோயாளிக்கு அதிக நன்மை என்று கட்டுரை வெளியிட்டார். காமாலை இறங்குகிறது, அரிப்பு நிற்கிறது, நோயாளி சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார். பெரிய ஆபரேஷனில் செத்துப் போகிறவர்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் யாருக்கு ஆயுள் அதிகம் என்று கேட்டார்.

எதிர்க் கட்சியாரும் சும்மா இருக்கவில்லை. “மாற்றுவழி மட்டும் செய்த நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பரீட்சித்தீர்கள்? கணையம் நாட்பட்டு வீங்கிக் கல்லாகிப் போனாலும் கைக்குப் புற்று மாதிரியேதான் தட்டுப்படும். உங்கள் ஆயுள் கணக்கில் புற்றே இல்லாதவர்கள் எத்தனை பேர்?” என்றார்கள். நியாயமான கேள்விதான். “ஐந்து வருஷம் தாண்டியவர்கள் கொஞ்சம் பேர் என்றாலும், அவர்களெல்லாம் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தவர்கள்தானே?” என்றும் கேட்டார்கள். மறு பக்கத்தில், 1973-இல் நியூயார்க்கில் ஃபோர்ட்னர் என்பவர், ஆபரேஷன் போதாமல்தான் நோய் திரும்புகிறது என்று முடிவு கட்டி, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயின் ஒரு பகுதியையும் சேர்த்து எடுக்கும் ஒரு முறையைத் தொடங்கினார். அது பலருக்குத் தாங்க முடியாத சிகிச்சையாயிற்று. நிணநீர் முடிச்சுகளை விரிவாக எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று பின்னால் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. ரத்தக் குழாயை வெட்டி ஒட்டும் வித்தை மட்டும், தேவைப்படும் இடங்களில், இன்றும் நிலைத்திருக்கிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கிரைலைப் பிடிக்கிறது. சபையில் எல்லோரும் தலையாட்டும்போது ஒருவர் எழுந்து, “நோயாளியைக் கேட்டீர்களா?” என்று கேட்பது நல்ல காட்சி. ஆனால் சரித்திரம் கதாசிரியனுடைய விருப்பப்படி நடப்பதில்லை. மார்பகத்தில் அவர் சொன்னது பெரும்பாலும் சரியென்று ஆயிற்று. கணையத்தில் அவருடைய வாதத்துக்கு ஆதாரமாக இருந்த மரணக் கணக்கே மாறிப் போய்விட்டது.

மாற்றியது புது மருந்தோ புது யந்திரமோ அல்ல, பழக்கந்தான். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஜான் காமரூன் என்ற நிபுணரும் அவர் குழுவினரும் இந்த ஆபரேஷனையே வாரம் தவறாமல் செய்தார்கள். தொடர்ந்து 145 பேருக்குச் செய்து ஒருவர்கூட இறக்கவில்லை என்று 1993-இல் வெளியிட்டார்கள். கிரைல் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 2002-இல் அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுக் கணக்குகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. ஆண்டுக்கு ஒன்று கூடச் சரியாக நடக்காத ஆஸ்பத்திரிகளில் கணைய ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் நூற்றுக்கு 16.3 பேர். ஆண்டுக்கு 16-க்கு மேல் நடக்கும் இடங்களில் 3.8 பேர். ஆயிரம் இலை போடும் கல்யாணத்துக்குத் தினமும் கரண்டி பிடிக்கிறவரைத்தானே தேடிப் போகிறோம்? வயிற்றை அறுப்பதற்கு மட்டும் பக்கத்துத் தெரு என்பதால் சம்மதித்துவிடுகிறோம். நோயாளியின் வீட்டார் “இந்த ஆபரேஷன் இங்கே வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று தைரியமாகக் கேட்கலாம். நல்ல நிபுணர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கிரைலின் சிறிய ஆபரேஷனும் வீண் போகவில்லை, வேறு உருவில் பிழைத்திருக்கிறது. 1979-இல் ஹாம்பர்க் நகரில் சொஹேந்திரா என்பவர், இந்தோனேசியாவில் பிறந்தவர், வயிற்றைத் திறக்காமலே வாய் வழியாகக் குழாய்க் கண்ணாடியைச் செலுத்தி, அடைபட்ட பித்தக் குழாயில் ஒரு சிறு குழலைப் பொருத்தினார். இன்று ‘ஸ்டென்ட்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுதான். என் வாசகியின் மூன்றாவது டாக்டர் சொன்னது இதைத்தான். இதிலும் ஒரு வேடிக்கை. கௌஷ் காலத்திலிருந்து ‘முதலில் காமாலையை இறக்கு, பிறகு வெட்டு’ என்பது ஒரு மந்திரமாகவே இருந்தது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் வழக்கமாக ஸ்டென்ட் வைத்து வந்தார்கள். 2010-இல் நெதர்லாந்துக்காரர்கள் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். முதலில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குக் கடுமையான சிக்கல்கள். நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களில் 39 பேருக்குத்தான். காமாலை மிக முற்றியவர்களையும், ஆபரேஷனுக்குக் காத்திருக்க வேண்டியவர்களையும் தவிர மற்றவர்களுக்கு அந்த நூறு வருஷத்து மந்திரம் தேவையில்லை என்று ஆயிற்று.

சரி, ஆபரேஷனால் சாவு குறைந்தது. நோய் திரும்பி வருவது குறைந்ததா? இல்லை. கட்டியை எடுக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத விதைகள் கல்லீரலுக்குப் போயிருக்கின்றன. கத்தி எவ்வளவு கூர்மையானாலும் அவற்றைத் தொட முடியாது. மருந்துக்காரர்கள் மேடைக்கு வந்தது இங்கேதான்.

1957-இல் அமெரிக்காவில் ஹைடல்பெர்கர் ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மருந்தும் கதிர் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தால், நடுத்தரமான ஆயுள் 11 மாதத்திலிருந்து 20 மாதமாகிறது என்று 1985-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ‘நடுத்தரம்’ என்றால், நோயாளிகளை ஆயுள்வாரியாக வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவருடைய ஆயுள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 43 பேர்! அந்த 43 பேரை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை அமெரிக்க டாக்டர்கள் கதிர் கொடுத்தார்கள். 2004-இல் லிவர்பூலிலிருந்து நியோப்டோலமோஸ் என்பவர் தலைமையில் ஐரோப்பியர்கள் 289 பேரை வைத்து வேறு கதை சொன்னார்கள். மருந்து மட்டும் பலன் தருகிறது. ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 8-லிருந்து 21 ஆகிறார்கள். கதிரைச் சேர்த்தாலோ 20 பேர் 10-ஆகக் குறைகிறார்கள். அமெரிக்கர்கள், “உங்கள் ஆய்வு சரியாக நடத்தப்படவில்லை, கதிரின் தரத்தை யார் பார்த்தார்கள்?” என்றார்கள். ஐரோப்பியர்கள், “உங்கள் 43 பேரை விடவா?” என்றார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்தின் இந்தக் கரையில் பிறந்த நோயாளிக்கு ஒரு சிகிச்சை, அந்தக் கரையில் பிறந்தவருக்கு வேறு சிகிச்சை என்று பல வருஷம் நடந்தது.

கட்டி பரவிவிட்டவர்களுக்கான மருந்துகளின் கதை இன்னும் உருக்கமானது. ஜெம்சிடபின் என்ற மருந்து வைரஸ் நோய்களுக்காகத் தயாரிக்கப்பட்டு, புற்றுக்கு வந்து சேர்ந்தது. 1996-இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தபோது பழைய மருந்தைவிட நடுத்தர ஆயுள் கூடியது சுமார் ஐந்து வாரந்தான். அப்படியானால் ஏன் அனுமதித்தார்கள்? அந்த ஆய்வில் மாதங்களை மட்டும் எண்ணவில்லை. வலி குறைந்ததா, வலி மருந்து குறைந்ததா, எழுந்து நடமாட முடிந்ததா, உடல் எடை ஏறியதா என்று எண்ணினார்கள். பழைய மருந்தில் நூற்றுக்கு 5 பேருக்குக்கூட வராத அந்த ஆறுதல், இதில் ஏறக்குறைய 24 பேருக்கு வந்தது. கிரைல் கேட்ட கேள்வியை மருந்துக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

ஆனால் 2005-இல் எர்லோடினிப் என்ற இன்னொரு மருந்தை இதோடு சேர்க்க அனுமதி கிடைத்தபோது நடந்ததைப் பாருங்கள். நடுத்தர ஆயுள் 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமாயிற்று. கூட்டிக் கழித்தால் பத்து நாள். கணித சாஸ்திரப்படி வித்தியாசம் உண்மையானது என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பத்து நாளுக்காக எத்தனை ஆயிரம் டாலர், எத்தனை நாள் தோல் வெடிப்பு, எத்தனை நாள் வயிற்றுப்போக்கு என்று டாக்டர்களே எழுதிச் சண்டையிட்டார்கள். பத்து நாளில் ஒரு பேரன் பிறக்கலாம், ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்கலாம் என்று கதாசிரியன் சொல்லலாம். அந்தப் பத்து நாளும் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே போய்விடலாம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்வார்கள்.

உண்மையான நகர்வு 2011-இல் பிரான்ஸிலிருந்து வந்தது. நான்கு மருந்துகளைச் சேர்த்த ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு, பரவிய நோயில் நடுத்தர ஆயுளை 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக்கியது. கடுமையான மருந்துதான், திடமாக இருப்பவர்களுக்குத்தான் தாங்கும். 2018-இல் அதையே சிறிது மாற்றி ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்தபோது, ஜெம்சிடபினால் 35 மாதமாக இருந்த நடுத்தர ஆயுள் 54 மாதமாயிற்று. இந்த நோயில் இவ்வளவு பெரிய எண்ணை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

இத்தனை நல்ல மருந்து கைக்கு வந்ததும் அடுத்த சண்டை. மருந்து முன்னாலா, கத்தி முன்னாலா? ஆபரேஷனுக்குப் பிறகு பலர் மருந்தைத் தாங்கும் நிலையில் இருப்பதில்லை. ஆகவே முன்னால் கொடு என்று ஒரு சாரார். நோய் சீக்கிரமே பரவும் ஜாதியாக இருந்தால் அது அந்த மாதங்களில் வெளிப்பட்டுவிடும். வீண் ஆபரேஷன் மிச்சம் என்றும் சொல்கிறார்கள். எடுக்கக்கூடிய கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது பைத்தியக்காரத்தனம் என்று மறு சாரார். 2022-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், ஆபரேஷனுக்கு முன்பே மருந்தும் கதிரும் பெற்றவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 20.5 பேர், நேரே கத்திக்குப் போனவர்களில் 6.5 பேர். முன்சொன்ன கட்சிக்குக் கொண்டாட்டம். 2024-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஆய்வு வந்தது. எளிதில் எடுக்கக்கூடிய கட்டி உள்ளவர்களுக்கு முன்னதாக ஃபோல்ஃபிரினாக்ஸ் கொடுத்ததில் ஆதாயம் ஒன்றும் தென்படவில்லை. கட்டி பெரிய ரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் மருந்து முதலில் என்பதில் இப்போது பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். தொடாமல் விலகி இருந்தால் வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. என் வாசகியின் முதல் டாக்டரும் இரண்டாவது டாக்டரும் இந்த வழக்கின் இரண்டு வக்கீல்கள். ‘ஸ்கேன் படத்தில் கட்டி ரத்தக் குழாயைத் தொடுகிறதா?’ என்ற ஒரு கேள்வியை இருவரிடமும் கேட்டால் பாதி வித்தியாசம் அங்கேயே தீர்ந்துவிடக்கூடும்.

இந்தச் சரித்திரத்தில் மறக்க முடியாத ஒரு மனிதர் ரால்ஃப் ஸ்டைன்மன். நம் உடம்பின் காவற்படைக்கு எதிரியை அடையாளம் காட்டும் ஒரு வகைச் செல்லை 1973-இல் கண்டவர். 2007-இல் அவருக்கே கணையப் புற்று வந்தது. தாம் கண்டுபிடித்த செல்களைக் கொண்டே, நண்பர்களின் சோதனைச் சாலைகளில், தமக்குத் தாமே பலவிதத் தடுப்பு மருந்துகளைத் தயாரித்துப் போட்டுக்கொண்டார். நாலரை வருஷம் இருந்தார். 2011 செப்டம்பர் 30-ஆம் தேதி காலமானார். அக்டோபர் 3-ஆம் தேதி, இறந்தது தெரியாமல், அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை என்ற விதி இருந்தும், தெரியாமல் கொடுத்ததால் செல்லும் என்று தீர்மானித்தார்கள். அந்த நாலரை வருஷம் அவருடைய தடுப்பு மருந்தால் வந்ததா, மற்ற சிகிச்சைகளால் வந்ததா, அதிர்ஷ்டமா? ஒரே ஒரு மனிதரை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2023-இல் நியூயார்க்கில் அவரவர் கட்டிக்கேற்பத் தயாரித்த ஒரு தடுப்பூசியை 16 பேருக்குப் போட்டதில் 8 பேருடைய காவற்படை விழித்துக்கொண்டது. அந்த எட்டுப் பேருக்கு நோய் திரும்புவது தாமதமாயிற்று. பெரிய பரீட்சை அதன் பிறகு தொடங்கியது. இன்றைக்கும் அமெரிக்காவில் இந்த நோய் கண்டவர்களில் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். 1970-களின் மத்தியில் அது 3-ஆக இருந்தது.

கடைசியாக, சண்டைகளின் நடுவே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். கணையத்துக்குப் பின்னால் ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. இந்த நோயின் வலி, முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் அந்த வலி, அதன் வழியாகத்தான் ஏறுகிறது. 1993-இல் அதே பால்டிமோர் ஆஸ்பத்திரியில், வயிற்றைத் திறந்தும் கட்டியை எடுக்க முடியாமல் போனவர்களில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் சாராயச் சத்தையும், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீரையும் ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். சாராயம் பெற்றவர்களுக்கு வலி வெகுவாகக் குறைந்தது. முன்பே வலியோடு வந்தவர்கள், உப்பு நீர் பெற்றவர்களைவிட அதிக நாள் உயிரோடும் இருந்தார்கள். அந்த இரண்டாவது முடிவு உண்மையா என்று 2004-இல் மேயோ கிளினிக்கில் 100 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். இந்தத் தடவை வயிற்றைத் திறக்காமல் ஊசியை மட்டும் செலுத்தினார்கள். ஆயுள் கூடவில்லை. வலி குறைந்தது.